ஸ்பானிஷுக்குத் தமிழ் வழியாகப் போகலாம்

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும் ஏறிவிடும். அர்ஜென்டினா ரசிகர்கள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை 'வாமோஸ்'. 'போவோம், வாங்க' என்று அர்த்தம். இந்த வார்த்தையின் கடைசியில் இருக்கும் 'மோஸ்' என்ற துண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'போவோம்' என்பதில் 'ஓம்' செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. யார் போவது என்று தனியாகச் சொல்லவில்லை. வினைச்சொல்லின் வாலிலேயே 'நாம்' இருக்கிறது.

ஸ்பானிஷ் படிக்க ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே கிடைக்கும். அவை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு எது கடினமோ அதை விலாவாரியாக விளக்கும். உங்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் புதிதுபோல் படித்துக் களைத்துப் போவதைவிட, தமிழை நேரே பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஸ்பானிஷ் ஸ்பெயினிலும், மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா, சிலி வரையிலும் சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐ.நா.வின் 6 அலுவல் மொழிகளில் ஒன்று. தாய்மொழியாகப் பேசுபவர்கள் மட்டும் ஏறக்குறைய 50 கோடிப் பேர். கப்பல் வேலைக்குப் போகிறவருக்கும், வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவருக்கும், பந்தாட்டத்தை வர்ணனையோடு கேட்க ஆசைப்படுகிறவருக்கும் இது உதவும்.

ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும்போது, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதை நெடிலாக எழுதுகிறேன், மற்றதெல்லாம் குறில். அதனால் இனிமேல் அது 'வாமொஸ்'. எழுத்தில் 'வி' இருந்தாலும் சொல்லின் முதலில் அது 'ப' போலத்தான் ஒலிக்கும், 'பந்து' என்பதில் வருகிற ப. ஸ்பானிஷில் ரோமன் எழுத்தின் b, v இரண்டுக்கும் ஒரே ஒலிதான்.

வினையின் வால்

"மக்கா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

இந்தப் பேச்சில் நீயும் இல்லை, நானும் இல்லை. ஆனாலும் யார் யாரைக் கேட்டார், யார் சாப்பிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பள்ளியில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஸ்பானிஷ் முழுக்கவும் இந்தத் தோன்றா எழுவாயில்தான் ஓடுகிறது.

சாப்பிடுவதற்கு ஸ்பானிஷில் 'கொமேர்'. அதில் கடைசியில் இருக்கும் 'ஏர்' போனால் 'கொம்' என்ற பகுதி மிச்சம். இனி வாலைச் சேருங்கள். கோமொ என்றால் சாப்பிடுகிறேன். கோமெஸ் என்றால் சாப்பிடுகிறாய். கோமெ என்றால் சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறது, எல்லாம். கொமேமொஸ் என்றால் சாப்பிடுகிறோம். கோமென் என்றால் சாப்பிடுகிறார்கள். ஸ்பெயினில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு கொமேய்ஸ் என்று இன்னொன்று உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, அங்கே அந்த இடத்துக்கும் கோமென்தான். ஆரம்பத்தில் அதை விட்டுவிடலாம்.

பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே சந்தோஷப்படலாம். 'சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்' என்ற பொருளில் ஸ்பானிஷில் 'கொமீயமொஸ்' என்பார்கள். பிரித்துப் பாருங்கள்: கொம் பகுதி, 'ஈய' இறந்தகாலம் காட்டும் இடைநிலை, 'மொஸ்' தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. தேர்வுத்தாளில் எழுதுவதுபோலவே எழுதிவிடலாம். 'சாப்பிடுவோம்' என்பது 'கொமெரேமொஸ்'. நடுவில் காலம் மாறியிருக்கிறது, வால் அதே மொஸ். எல்லா இடத்திலும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. கோமொ என்பதில் காலமும் ஆளும் ஒரே எழுத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் பகுதி, இடைநிலை, விகுதி என்று பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு வினை அட்டவணை ஒரு மனப்பாடக் கொடுமையாகத் தெரியாது.

ஸ்பானிஷ் வினைகள் மூன்று கூட்டம். ஆர், ஏர், ஈர் என்று முடிபவை. உயிரெழுத்து கொஞ்சம் மாறும், வால் மாறாது. 'ஸ்' வந்தால் நீ, 'மொஸ்' வந்தால் நாம், 'ன்' வந்தால் அவர்கள். முதல் வாரம் இந்த மூன்றையும் வாயில் ஏற்றிக்கொண்டால் போதும். பகுதியே சிதைந்துபோகிற முரட்டு வினைகளிலும் வால் பெரும்பாலும் நிற்கும். 'போக' என்பதற்கு ஸ்பானிஷில் 'ஈர்' என்றுதான் சொல், ஆனால் போகிறேன் என்பது போய், போகிறாய் என்பது பாஸ், போகிறோம் என்பது நாம் பார்த்த வாமொஸ் (ஒலிப்பில் பாமொஸ்), போகிறார்கள் என்பது பான். இது அநியாயம் என்று தோன்றினால், 'வா' என்பது நம் மொழியில் வந்தான், வருகிறான், வாறேன் என்று என்ன பாடு படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதிகம் புழங்கும் வினைகள்தான் இப்படித் தேய்ந்துபோகும், இரண்டு மொழியிலும். வால் கைவிடும் ஒரு இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'நீ சாப்பிட்டாய்' என்பது 'கொமீஸ்தெ', கடைசியில் ஸ் இல்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க இன்னொரு சௌகரியம் இருக்கிறது. மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளைப் பக்கம் போனால் மலையாளமும் காதில் விழும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவர் வந்நு. வினைக்கு வால் இல்லை, யார் வந்தது என்று வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தின் இறந்தகாலமும் இப்படித்தான். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தார். ஸ்பானிஷ் இந்த விஷயத்தில் தமிழ்ப் பக்கம் நிற்கிறது.

அப்படியானால் 'நான்' என்பதற்கு ஸ்பானிஷில் சொல்லே இல்லையா? இருக்கிறது, 'யோ'. எப்போது வரும் என்றால், 'நான் சாப்பிட்டேன், அவன்தான் சாப்பிடல' என்கிற இடத்தில் வரும். அழுத்தம் வேண்டிய இடத்தில் மட்டும். ஆங்கில வழியாகப் படித்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் யோ போட்டுத் தொடங்குவார்கள். 'நான் எழுந்தேன், நான் குளித்தேன், நான் சாப்பிட்டேன்' என்று ஒருவர் நம்மிடம் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது. நீங்கள் தமிழில் எங்கே 'நான்' என்பதை விடுவீர்களோ அங்கே யோவையும் விடுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தமிழ் உதவாத இடமும் இதே வாலில் உண்டு. நமக்கு வந்தான், வந்தாள், வந்தது என்று ஆண், பெண், அஃறிணை வினையிலேயே தெரியும். ஸ்பானிஷில் கோமெ என்றால் எல்லாருக்கும் பொது. நாம் வேறு, நாங்கள் வேறு என்று நாம் பிரிப்பதும் அங்கே கிடையாது. மொஸ் என்றால் எதிரே இருப்பவர் சேர்ந்தாரா இல்லையா என்று பேச்சுப்போக்கில்தான் தெரியும்.

மரியாதையும் வாலில்தான் இருக்கிறது. 'நீ' என்பதற்கு 'தூ', 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தேத்'. ஆனால் உஸ்தேத்துக்கு வரும் வினை படர்க்கை வினை, அதாவது கோமெ. எதிரே நிற்பவருக்கு ஏன் படர்க்கை? அந்தக் காலத்தில் பெரியவர்களை 'தங்கள் கருணை' என்பதுபோல ஒரு பட்டத்தால் அழைத்து, அது தேய்ந்து உஸ்தேத் ஆனது. பட்டம் படர்க்கைதானே. நம் கடைகளிலும் எதிரே நிற்பவரிடமே "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பது உண்டு, அந்த மரியாதைதான். அர்ஜென்டினாவில் இன்னொரு வழக்கு: தூ இல்லை, 'போஸ்'. அதற்கு வினையும் கொஞ்சம் மாறி 'கொமேஸ்' என்று கடைசியில் அழுத்தம் விழும். மெஸ்ஸி பேட்டியைக் கேட்டுப் பழகியவர்கள் பாடத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இரண்டும் சரி.

எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலப் பாடங்களில் தனி அத்தியாயமாக வந்து பலரையும் பயமுறுத்துகிற ஒன்று நமக்கு ஒரே நிமிட வேலை. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பது ஸ்பானிஷில் 'மெ கூஸ்த எல் பெஸ்காதொ'. மெ என்றால் எனக்கு, கூஸ்த என்றால் பிடிக்கிறது. தமிழில் நான்காம் வேற்றுமையில் எங்கே நிற்கிறோமோ அங்கேயே ஸ்பானிஷிலும் நிற்கிறோம். உனக்கு என்றால் 'தெ'. அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு என்றால் 'லெ'. எங்களுக்கு என்றால் 'நொஸ்'. எனக்குத் தோன்றுகிறது, எனக்குத் தலை வலிக்கிறது, இவையெல்லாம் இதே அச்சுத்தான். ஒரே ஒரு திருத்தம்: பிடிக்கிற பொருள் பலவானால் வினையும் பன்மையாகும், கூஸ்தன்.

மேலே வந்த 'பெஸ்காதொ' பிடித்து வந்த மீன், சந்தையிலும் தட்டிலும் இருப்பது. கடலில் நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்கு வேறு பெயர், 'பேஸ்'. குளச்சல் துறைமுகத்தில் நின்று இரண்டையும் யோசித்தால் மறக்காது.

ஆனால் எல்லாவற்றுக்கும் 'எனக்கு' போட்டுவிடக் கூடாது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதை ஸ்பானிஷில் 'பசி வைத்திருக்கிறேன்' என்பதுபோலச் சொல்வார்கள்: தேங்கொ ஆம்ப்ரெ. தாகம், தூக்கம், வயது எல்லாம் அப்படியே. இந்தப் பட்டியலைத் தனியாகப் படித்துவிடுங்கள்.

'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள், 'செர்' ஒன்று, 'எஸ்தார்' ஒன்று. எங்கே எது என்பதுதான் எல்லாருக்கும் தொல்லை. தமிழ் இங்கே பாதி வழி கூட வரும். 'இவர் டாக்டர்' என்கிறோம், வினையே இல்லை. அந்த இடத்துக்கு செர்: எஸ் மேதிகொ. 'இவர் வீட்டில் இருக்கிறார்' என்கிறோம். அந்த இடத்துக்கு எஸ்தார்: எஸ்தா என் காச. மலையாளம் அறிந்தவர்கள் 'ஆணு' வரும் இடம், 'உண்டு' வரும் இடம் என்று நினைத்துக்கொள்ளலாம். 'அப்பா வீட்ல உண்டா?' என்று நாம் கேட்பது எஸ்தார்தான். நடுவில் இருக்கும் 'களைப்பாக இருக்கிறார்', 'உயரமாக இருக்கிறார்' போன்றவற்றில் தமிழை நம்ப முடியாது. களைப்பு வந்துபோகும் நிலை, அதற்கு எஸ்தார். உயரம் அந்த ஆளின் தன்மை, அதற்கு செர். தமிழில் இரண்டுக்கும் 'இருக்கிறார்'தான், அதனால் இங்கே கவனம்.

பொருள்களுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் என்பது நமக்குச் சுத்தமாகப் புதிது. மேசை பெண்பால், ல மேச. அலமாரி ஆண்பால், எல் அர்மாரியொ. (இந்த இரண்டு சொல்லும் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் நெருங்கிய சொந்தம்.) பெரும்பாலும் ஒ-வில் முடிந்தால் ஆண், அ-வில் முடிந்தால் பெண். ஆனால் கை என்னும் 'மானொ' பெண்பால், நாள் என்னும் 'தீய' ஆண்பால். காரணம் தேடாதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லையும் எல் அல்லது ல சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

வாயும் காதும்

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி ஒலி. 'தோது' என்று சொல்லிப் பாருங்கள். முதல் த வன்மையாக வருகிறது, இரண்டாவது த இளகி வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு, நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்பானிஷில் 'எல்லாம்' என்பதற்கு 'தோதொ'. நீங்கள் தமிழ்போலவே வாசித்தால் போதும், ஸ்பெயின்காரர் சொல்வதுபோலவே வரும். அங்கேயும் இரண்டு உயிருக்கு நடுவில் d, g, b எழுத்துகளுக்கு வரும் த, க, ப ஒலிகள் இளகும். 'ஒன்றுமில்லை' என்னும் 'நாத' அப்படித்தான், 'ஏரி' என்னும் 'லாகொ'வும் அப்படித்தான். மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் இளகாது: நாம் 'பந்து' என்று சொல்வதுபோல அவர்கள் 'உலகம்' என்பதற்கு 'மூந்தொ' என்பார்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் வருஷக்கணக்கில் பழகும் விஷயம் இது.

நம் மாவட்டத்துக்கு இன்னும் ஒரு கொடுப்பினை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. இங்கே இன்னும் பலர் வாயில் கரி வேறு, கறி வேறு. ஸ்பானிஷில் அது ரொம்ப முக்கியம். 'பேரொ' என்றால் 'ஆனால்'. 'பேறொ' என்றால் நாய். 'காரொ' விலை அதிகம், 'காறொ' லத்தீன் அமெரிக்காவில் கார். நாக்கு நுனியை இன்னும் கொஞ்சம் உருட்டி ற சொன்னால் சரியாக வந்துவிடும். 'ஞாயிறு' சொல்லத் தெரிந்தவருக்கு மேலே சுழி போட்ட ஸ்பானிஷ் 'ஞ' ஒரு பொருட்டே இல்லை: குழந்தை 'நீஞொ', ஸ்பெயின் நாடு 'எஸ்பாஞ'.

சரி, நம் வாய் எங்கே நம்மைக் கைவிடும்? மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் ஒட்டும் பழக்கம் முதலாவது. காரு, பஸ்ஸு என்பதுபோல 'கொமேரு' என்று சொல்லக் கூடாது. ஸ்பானிஷில் கடைசி உயிர்தான் ஆளையும் பாலையும் காட்டுகிறது, அங்கே ஒரு உயிரை இஷ்டத்துக்குச் சேர்த்தால் குழப்பம். இரண்டாவது, பேச்சில் 'அவன்' என்பதன் ன்-ஐ மூக்கிலேயே விழுங்கிவிடுகிறோம். கோமெ, கோமென் இரண்டுக்கும் வித்தியாசமே அந்த ன்தான், முழுசாகச் சொல்லுங்கள். மூன்றாவது, எ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு யகரம் சேர்ப்பது, 'யெனக்கு' என்பதுபோல. 'எல்' என்பது 'யெல்' ஆகிவிடக் கூடாது. நான்காவது, சொல்லின் முதலில் வரும் ப-வுக்கு அங்கே இரண்டு ஒலி. 'பட்டம்' என்பதன் ப-வில் 'பேசொ' என்றால் எடை, பல நாடுகளில் நாணயத்தின் பெயரும் அதுதான். 'பந்து' என்பதன் ப-வில் 'பேசொ' என்றால் முத்தம். தமிழ் எழுத்து இந்த வித்தியாசத்தைக் காட்டாது. அதனால் முதல் வாரத்துக்குப் பிறகு ரோமன் எழுத்திலேயே படியுங்கள். மொத்தம் 27 எழுத்து, எழுதியபடியே வாசிக்கலாம். ஹெச் மட்டும் தனியே வந்தால் ஒலிக்காது.

தமிழ்க் காதுக்கு உண்மையிலேயே பயிற்சி தேவைப்படுவது அழுத்தம். 'தோமொ' என்றால் குடிக்கிறேன். 'தொமோ' என்றால் குடித்தான் அல்லது குடித்தாள். எழுத்து அதே, அழுத்தம் இடம் மாறியதும் காலமும் ஆளும் மாறிவிட்டன. நமக்கு அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, அதனால் காது அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். விதி எளிது: சொல் உயிரிலோ ன், ஸ் இரண்டில் ஒன்றிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம், மற்றபடி கடைசி அசையில். இதை மீறும் சொல்லுக்கு அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது

கோட்டாறு சவேரியார் கோவிலைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் இல்லை. பிரான்சிஸ் சவேரியார் இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதியில் 1506-ல் பிறந்தவர். 1542-ல் தென்கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, முழுசாக மனப்பாடம் செய்து, கடற்கரையில் மணியடித்து ஆட்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். இலக்கணத்தை முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

நீங்களும் சில முழு வாக்கியங்களை முதல் நாளே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். 'நோ என்தியேந்தொ', புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாசியொ, பொர் ஃபவோர்', கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 'கோமொ செ தீசெ?', இதை எப்படிச் சொல்வது? 'சோய் தெ நாகர்கோவில்', நான் நாகர்கோவில்காரன், நாகர்கோவில்காரி. இதிலும் யோ இல்லை, கவனித்தீர்களா.

அப்புறம் தினமும் ஒரு வினை. செர், எஸ்தார், போக, வைத்திருக்க, செய்ய, சாப்பிட, குடிக்க, பேச, வாழ, விரும்ப. பத்து நாள், பத்து வினை, நிகழ்காலம் மட்டும். ஒவ்வொன்றையும் தமிழ் வினைமுற்றோடு ஜோடியாகச் சொல்லுங்கள்: கோமொ சாப்பிடுகிறேன், கோமெஸ் சாப்பிடுகிறாய். வாய்விட்டு, சத்தமாக. இறந்தகாலத்துக்கு அவசரமில்லை. பக்கத்திலேயே தினமும் ஸ்பானிஷ் கேட்க வேண்டும், புரியாவிட்டாலும் சரி. முதலில் செய்தியைவிடப் பந்தாட்ட வர்ணனை நல்லது, ஏனென்றால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், காது வாலைப் பிடித்தால் போதும்.

சான்றிதழ் தேவைப்படுகிறவர்களுக்கு 'டெலே' என்ற தேர்வு இருக்கிறது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் அதை நடத்துகிறது, புதுடெல்லியில் அதற்கு ஒரு மையம் உண்டு. ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கும் கேட்பார்கள். ஏ1-க்கு நிகழ்காலமும், 'எனக்குப் பிடிக்கும்' வகை வாக்கியங்களும், தன்னைப் பற்றி நாலு வரி பேசுவதும் உறுதியாகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியில் பெரிது கேட்புத் தேர்வு. அதற்கு இன்றைக்கே காதைப் பழக்கத் தொடங்குங்கள்.